காருக்குள்ள ஏத்துன விளக்கு

அழுதது மனுசி இல்ல மதினி, காரு! எம்புட்டுத் தடவ சொன்னாலும் நம்ப மாட்டேங்குறியே. இந்தா, இப்பிடி நெழலுக்குத் தள்ளி உக்காரு, வெயிலு மூஞ்சியில அடிக்கிது. தெருவுல எவளோ சொன்னான்னு, சோழவந்தான்ல உந்தங்கச்சி வீட்டுல பேய் புடிச்சிருச்சாம்லன்னு கேக்க வந்துட்ட. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஆனா ஒண்ணுமே இல்லன்னு அடிச்சுச் சொல்லவும் எனக்கு வாய் வரல. நான் கூட இருந்து கண்ணால பாத்தவ. முழுசாக் கேட்டுட்டு நீயே சொல்லு.

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு வெத்தலக் கொடிக்காலு. வெத்தலையக் கிள்ளி, கட்டுக் கட்டி, ஈரச் சாக்குல சுத்தி, வெள்ளனயே கார்ல போட்டு மதுரைக்குக் கொண்டாந்துருவாரு. ஆமா, கார்லதான். லோடு ஆட்டோவுல போட்டா நசுங்குதும்பாரு. யாரோ ஒரு டாக்டரு ஓட்டித் தீத்த பழைய காரு அது. அந்த டாக்டரு களவு போயிரும்னு பயந்து, தொட்டா ஊளையிடுற மிசினு, சாவிய அடையாளம் பாக்குற மிசினுன்னு என்னென்னமோ மாட்டி வச்சிருந்தாரு. நான் கேலி பண்ணுவேன். "ஏன் மாப்ள, வெத்தலையக் களவாண்டா வாய்தான செவக்கும், இதுக்கு எதுக்கு இம்புட்டுக் காவலு?" அவரு சிரிப்பாரு. சிரிச்சா பல்லு பூராஞ் செவப்பு. அந்தக் காருக்குள்ள ஏறுனாலே ஈரச்சாக்கு வாடையும் வெத்தல வாடையும் சேந்து, கொடிக்காலுக்குள்ளயே உக்காந்து போற மாதிரி இருக்கும்.

அவரு போனதும் அந்தக் காருக்குள்ளதான்.

மதுரைக்குப் போயிட்டு வந்தவரு வாசல்ல புங்க மரத்தடியில நிப்பாட்டி, கண்ணாடிய எறக்கி விட்டு, சீட்டுல அப்பிடியே சாஞ்சுட்டாரு. அது வழக்கந்தான். கட்டில விட இந்தச் சீட்டுதான் சொகமா இருக்கும்பாரு. என் தங்கச்சி காப்பியக் கொண்டு போயி ஸ்டீரிங்குக்கு முன்னாடி இருக்கிற தட்டுல வச்சிருக்கா. வச்சவ சும்மா வரல. காரு வாங்குன நாள்லயிருந்து ஒன்னைய ராமேசுவரம் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு மனுசன். கொடிக்காலு விட்டாத்தான! அன்னைக்கு இவளுக்குக் கோவம். "ஒரு நாளச் சொல்லுங்க, இன்னைக்குச் சொன்னாத்தான் ஆச்சு"ன்னு நின்னுருக்கா. அவரு வாயத் தொறக்கல. "என்னமும் பண்ணுங்க"ன்னு வெடுக்குன்னு உள்ள போயிட்டா. கொழம்ப எறக்கி வச்சுட்டுத் திரும்பி வந்து பாக்குறா, காப்பி மேல ஏடு படிஞ்சிருக்கு, ஏட்டு மேல ஈ உக்காந்திருக்கு, அவரு சாஞ்சது சாஞ்சபடி.

நெஞ்சடைப்புன்னு சொன்னாக. இதுல பாரு மதினி, இவ நின்னு பேசுனப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா, இல்லையா? பதிலு சொல்லாம இருந்தாரா, சொல்ல ஆளே இல்லையா? அத நெனச்சு நெனச்சுத்தான் என் தங்கச்சி சோறு தண்ணி எறங்காமக் கெடந்தா. அழுகவும் இல்ல. நாங்க எல்லாரும் மாரடிச்சு ஒப்பாரி வைக்கிறோம், அவ செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. எடுத்துட்டுப் போகையில ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "அஸ்தி ராமேசுவரத்துலதான் கரையணும். அவுக காருலதான் போகணும். நானும் கூடப் போகணும்." சரிம்மான்னு அவ மகன் தலைய ஆட்டுனான். கோயமுத்தூர்ல கம்பெனி வேலை பாக்குறான், தங்கமான புள்ள. ஆனா அப்பன் பொறுமையில்லாதவரு, இவன் அதுக்கு மேல.

இப்ப வெளக்குக்கு வாரேன்.

எங்க பக்கம் ஒரு மொறை உண்டு. உசுரு பிரிஞ்ச எடத்துல ஒரு வெளக்க ஏத்தி வச்சா, கருமாதி முடியிற வரைக்கும் அது அணையக்கூடாது. செத்தவுகளுக்கு வழி தெரியணும்ல. வீட்டுல பட்டாசாலையில, அதான் முன் கூடத்துல, ஏத்தி வச்சாச்சு. அதுக்குள்ள அவரு அக்கா, அதான் என் தங்கச்சிக்கு நாத்தனா, அந்தம்மா எந்திரிச்சு நின்னுச்சு. "எந்தம்பி உசுரு பட்டாசாலையிலயா போச்சு? கார்லதான போச்சு? அங்க வெளக்கு எங்க?" சொன்னதோட விடல. குத்து வெளக்கு, எண்ணெ, திரி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நேராக் காருக்குப் போயி சீட்டு மேல வைக்கப் போயிருச்சு.

மகன் ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டான். "அத்தை, நீ இதுல வெளக்க ஏத்துனா வண்டியோட சேந்து நம்மளும் அப்பாகிட்டப் போயிருவோம்."

"அப்ப எந்தம்பி இருட்டுல கெடக்கட்டுங்குறியா?"

"அதுக்குன்னு பெட்ரோல் வண்டிக்குள்ளயா?"

அந்தம்மா காருக்குள்ள தலைய விட்டு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துச்சு. கூரையில ஒரு சின்ன லைட்டு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதக் கண்டுபுடிச்சிருச்சு. "இந்தா இருக்குல்ல. இதப் போட்டு விடு. வெளிச்சம்னா எல்லாம் வெளிச்சந்தான். சாமிக்கே இப்ப சீரியல் லைட்டுதான் போடுறாக."

எங்க எல்லாருக்கும் அது ரொம்பச் சரியாப் பட்டுச்சு. எண்ணெ ஊத்த வேணாம், திரி தூண்ட வேணாம், காத்துக்கு அணையாது. மகனும் அழுது ஓஞ்சு போயிருந்தான், பட்டனத் தட்டி விட்டுட்டு, கண்ணாடிய ஏத்தி, கதவச் சாத்தி, பூட்டிட்டு வந்துட்டான். அந்தம்மா கார் மூக்கு மேல மஞ்சளும் பூவும் வச்சு, விழுந்து கும்பிட்டுச்சு. அதப் பாத்து வந்த சனம் பூராம் வீட்டுக்குள்ள துக்கங் கேட்டுட்டு, வெளிய வந்து காரையும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போச்சு. நான் சிரிக்கக் கூடாதுதான். சேலைத் தலப்ப வாயில வச்சுக்கிட்டேன்.

ஆனா பொழுது சாஞ்சா சிரிப்பு வராது மதினி. அந்தக் கண்ணாடியில கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெளியே மங்குறப்ப உள்ள மஞ்சளா வெளிச்சம் தெரியும். அவரு முதுகு பட்டுப் பட்டுக் குழிஞ்சு போன சீட்டு, அந்தக் குழிக்குள்ள ஒரு நெழலு. யாரோ உள்ள உக்காந்து வெளக்க வச்சுக்கிட்டு, எவ வரான்னு பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி. பொழுது போயிருச்சுன்னா நான் வாசப்பக்கம் போறதயே விட்டுட்டேன், கொல்லப்பக்கமாத்தான் போவேன்.

காடாத்து அன்னைக்கு எலும்பு பொறுக்கி, புதுக் கலயத்துல போட்டு, வெள்ளத் துணியால வாயக் கட்டிக் கொண்டாந்தாக. அத வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுல்ல. மரத்துலதான் கட்டணும். வாசல்ல இருக்கிறது அந்த ஒத்தப் புங்க மரம். அதுல தோதான கொப்பு எதுன்னு பாத்தா, சரியாக் காருக்கு மேல இருக்கிற கொப்பு. கட்டிட்டாக. காத்தடிச்சா கலயம் மேல ஆடும், அதோட நெழலு கீழ கார் கண்ணாடியில ஆடும். வீட்டுல ஒரு கோழி உண்டு, எப்பயும் அந்தக் காருக்கடியிலதான் படுக்கும். அன்னையிலயிருந்து அது அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல.

ஒரு நா மத்தியானம், எல்லாரும் எலை போட்டு உக்காந்திருக்கோம். நல்ல வெயிலு, ஒரு எலை அசையல. நான் ரசத்துக்குக் குழி பண்ணிக்கிட்டு இருக்கேன். வாசல்ல "வீ...ய்"னு ஒரு சத்தம். அம்மாடி! தாயக் காணாத புள்ள மூச்சுப் புடிச்சுக் கத்துமே, அப்பிடி. எந்திரிச்சு ஓடுறோம். காருதான். யாரும் தொடல, பக்கத்துல ஒரு ஈ எறும்பு இல்ல. ரெண்டு பக்கமும் மஞ்ச லைட்டு மூடி மூடித் தொறக்குது, கண்ணு மாதிரி. மகன் சாவியில இருக்கிற பட்டன அமுக்குறான், அமுக்குறான், ஒண்ணும் கேக்கல. அது அழுகுற மட்டும் அழுதுட்டு, தானா நிப்பாட்டுச்சு. நிப்பாட்டுனதுக்கப்பறம் காக்கா கூடக் கத்தல.

நாத்தனாதான் மொதல்ல வாயத் தொறந்துச்சு. "அடியே, எந்தம்பிக்கு எலை போட்டீகளா?"

நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். போடல. அவருக்கு ஒரு எலை போட்டுப் படைக்காம நாங்க பாட்டுக்கு ரசத்துக்கு வந்துட்டோம்! ஓடிப்போயி எலை போட்டு, சோறு, கொழம்பு, அப்பளம் எல்லாம் வச்சு, காரு மூக்கு மேலயே படைச்சோம். காரு கம்முன்னு இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எங்களுக்கு.

மறுநா மொத எலை அவருக்குத்தான் போட்டோம். அப்பயும் அழுதுச்சு.

"கொறை சோத்துல இல்ல"ன்னுச்சு நாத்தனா. வெத்தல பாக்கு வச்சோம். அவருக்குப் புடிச்ச காரச்சேவு வச்சோம். அதுபாட்டுக்கு நெனச்ச நேரத்துல அழுதுச்சு. இதுல என்னன்னா, ஒவ்வொரு தடவயும் கொரலு கொறஞ்சுக்கிட்டே வருது. மொத நா ஊரக் கூட்டுச்சு. அப்பறம் தொண்ட கட்டுன மாதிரி. அப்பறம் இழுப்பு. கடைசியில பாரு, சீக்காளி மொனங்குற மாதிரி "ஹ்ம்... ஹ்ம்"னு. அந்த மொனகலுக்கு அந்தச் சத்தமே தேவலாம்னு ஆயிருச்சு.

மகன் சொல்லிப் பாத்தான். "பெரியம்மா, இது பேட்டரி எறங்கிப் போனதால வர்ற கூத்து. ஊளையிடுற அந்தச் சங்குக்குன்னு உள்ள தனியா ஒரு சின்ன பேட்டரி இருக்கு. பெரிய பேட்டரி செத்துக்கிட்டே வந்தா, எவனோ களவாணி வயர வெட்டிட்டான்னு நெனச்சுக்கிட்டு அது கத்தும்."

"அப்ப, பயந்து அழுகுதுன்னு சொல்லு."

"மிசினுக்கு என்ன பெரியம்மா பயம்?"

"பின்ன எதுக்குடா அழுகுது?"

அவன் நாத்தனாகிட்டத் திரும்பிட்டான். "எல்லாம் ஒன்னால வந்தது அத்தை. நீ போடச் சொன்ன லைட்டுதான் பேட்டரியப் பூராங் குடிச்சிருச்சு. அத அணைச்சாத்தான் உருப்படும்."

"வெளக்குன்னா எண்ணெயக் குடிக்கத்தான் செய்யும். எண்ணெய ஊத்துடா!"

"ஊத்துறதுக்கு இது என்ன நல்லெண்ணெயா?"

"கருமாதிக்கு முன்னாடி அந்த லைட்டுல கைய வச்ச, நான் இந்த வீட்டு வாசல்ல மிதிக்க மாட்டேன்." அம்புட்டுத்தான், அவன் சாவியப் பையில போட்டுக்கிட்டான்.

ஆனா வெளக்கு அதுபாட்டுக்கு வேற முடிவு பண்ணியிருந்துச்சு. என் தங்கச்சி என்னையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, கண்ணாடியில மூஞ்சிய ஒட்ட வச்சுப் பாக்கச் சொன்னா. "அக்கா, உள்ள வெளிச்சம் கொறையுதுக்கா." பாத்தேன். மொதல்ல மஞ்சக் கெழங்கு நெறத்துல இருந்தது, இப்ப பீடி நுனி மாதிரி ஒரு செவப்பு. அவ்வளவுதான். ஸ்டீரிங்குக்குக் கீழ வேற ஒரு செவப்புப் புள்ளி, அது மட்டும் இமைக்குது, நிக்குது, இமைக்குது. "யார்கிட்டயும் சொல்லாதக்கா"ன்னா. அணையப் போறது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். மத்த யாருக்கும் தெரியாது. கருமாதிக்கு மொத நா போயிப் பாத்தா அதுவும் இல்ல, கும்மிருட்டு.

அன்னைக்குத்தான் அவ சொன்னா. கொரலே ஏறல, சாதாரணமாச் சொன்னா. "அவுகளுக்குப் போக மனசில்லக்கா. கூப்புட்டு கூப்புட்டுப் பாத்தாக. எனக்குத்தான் புரியல. இப்ப வெளக்கையும் அணைச்சுட்டாக. நான் அனுப்ப மாட்டேன். கலயம் மரத்துலயே இருக்கட்டும்."

கரைக்காம மரத்துல தொங்க விட்டா ஆகுமா? அந்த ஆத்துமா எங்கிட்டுப் போகும்? அதவிட, அவ அந்த மரத்தடியிலயே உக்காந்துருவா. சோறு திங்காம, அழுகாம, கார் கண்ணாடியில மூஞ்சிய ஒட்ட வச்சுக்கிட்டு. அவரு போனது போக இவளும் போயிருவா. மகனுக்கும் அந்தப் பயந்தான். "அம்மா, வேற வண்டி புடிச்சுட்டு வாரேன், நாளைக்குப் போயிட்டு வந்துருவோம்"னு கெஞ்சுனான்.

"இந்தக் காருலதான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாக. இது கெளம்புனா வாரேன். கெளம்பலன்னா அவுகளும் வரல, நானும் வரல."

ஆக மதினி, எல்லாம் அந்தக் காரு கெளம்புறதுலதான் நிக்கிது.

கருமாதி முடிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு, பாதிச் சனம் போயிருச்சு. மகன் சாவியப் போட்டுத் திருப்புனான். செவப்பு லைட்டு மினுக்குச்சு. காரு மூச்சு விடல. திரும்பத் திருப்புனான். சத்தமே இல்ல. போன்ல எவனோ மெக்கானிக்குகிட்டக் கேட்டான். அந்தக் காருக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கானாம். பேரு சொன்னான், என் வாயில நுழையல. சாவிக்குள்ள இருக்கிற அடையாளத்தப் பாத்து, நம்ம ஆளுதான்னு தெரிஞ்சாத்தான் எஞ்சின விடுவானாம். பேட்டரி இல்லாததுனால அவனுக்குக் கண்ணு தெரியலையாம். "அப்பா சாவிதான் பெரியம்மா இது, இதையே யாருன்னு கேக்குது"ன்னான். ஒன் வீட்டு நாயி ஒன்னையப் பாத்து, நீ யாருன்னு கேட்டா எப்பிடி இருக்கும்?

பக்கத்துக் கொடிக்காலுக்காரரோட லோடு ஆட்டோவக் கொண்டாந்து, மூக்குக்கு மூக்கு நிப்பாட்டி, வயரு போட்டு அதுலயிருந்து இதுக்குக் கரண்டு குடுக்கலாம்னு முடிவாச்சு. மகன் சாவிய அதுலயே விட்டுட்டு எறங்கி வயரப் புடிக்கப் போனான். அதுக்குள்ள இவ என்ன பண்ணுனா, மரத்துலயிருந்து கலயத்த அவுத்து வாங்கி, மடியில வச்சுக்கிட்டு முன் சீட்டுல ஏறி உக்காந்து கதவச் சாத்திக்கிட்டா. பாப்போம், கூப்புட்டா அவுக வாராகளான்னு அவளுக்கு.

வயரு பட்டுச்சு. அவ்வளவுதான் மதினி!

கூரை லைட்டு பளீர்னு எரிஞ்சுச்சு. அம்புட்டு லைட்டும் அடிக்கிது. சங்கு மொத நா அழுத அதே கொரல்ல ஊரக் கூட்டுது. அந்தச் சத்தத்துக்கு நடுவுல "டக்"குன்னு ஒரு சத்தம். நாலு கதவும் பூட்டிக்கிருச்சு. யாரு பூட்டுனது? சாவி உள்ள. எல்லாரும் வெளிய. உள்ள அவளும் கலயமும் மட்டும். கண்ணாடி எல்லாம் ஏத்திக் கெடக்கு. மேல உச்சி வெயிலு. லோடு ஆட்டோக்காரரு வயர அப்பிடியே விட்டுட்டு, நடந்தாரா ஓடுனாரான்னு தெரியல, ரோட்டுக்குப் போயிட்டாரு.

"அம்மா, உள்ளயிருந்து அந்தக் குமிழ இழும்மா! இழு!" மகன் கண்ணாடியப் போட்டு அடிக்கிறான். நாத்தனா "எந்தம்பி, அவள விட்டுருப்பா, சின்னப்புள்ள இருக்கு அவளுக்கு"ன்னு கும்புடுது. சின்னப்புள்ளயாம், கோயமுத்தூர்ல சம்பாதிக்கிறவன். நான் முன் கண்ணாடி வழியாப் பாக்குறேன். அவளுக்கு வேர்த்து ஊத்துது. ஆனா பதட்டமே இல்ல. எங்களப் பாத்து, பொறுங்கன்னு ஒரு கைய மட்டும் காட்டுனா.

சங்கு நின்னுச்சு. அந்த அமைதியில அவ வாய் அசையிறது தெரிஞ்சுச்சு. கலயத்தப் பாத்துப் பேசல. பக்கத்துச் சீட்டப் பாத்து, குழிஞ்சு கெடக்குமே அந்தச் சீட்டப் பாத்துப் பேசுறா. பேசுறா, நிப்பாட்டுறா, தலைய ஆட்டுறா. யாராச்சும் சொல்றதக் கேட்டுக்கிட்டாத்தான அப்பிடி ஆட்டுவோம்? அப்பறம் கைய நீட்டிச் சாவிய ஒரு திருப்புத் திருப்புனா. திருப்பிட்டுக் கைய எடுத்துட்டா. மடியில வச்சுக்கிட்டா. செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு இருக்கா. அது பைய அணைஞ்சுச்சு. அதுக்கப்பறந்தான் மிச்சத்தையும் திருப்புனா.

காரு கெளம்பிருச்சு.

என் தங்கச்சிக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது மதினி.

கதவத் தொறந்து, "ஏறுங்க, பொழுதோட போயிரணும்"ன்னா. மகன் வேர்க்க விறுவிறுக்க, "யாரும்மா ஒனக்கு அப்பிடிப் பண்ணச் சொன்னது?"ன்னான்.

"அவுகதான்."

அப்பறம் மெக்கானிக்கும் போன்ல அதத்தான் சொன்னானாம். மொதத் திருப்புல பொறுக்கணுமாம், அந்தக் காவக்காரன் சாவியப் பாத்து முடிக்கிறதுக்கு. "அப்பா தெனம் அப்பிடிப் பண்ணிருப்பாரு, அம்மா பக்கத்துல இருந்து பாத்துருக்கும்"னு மகன் எங்கிட்ட ரகசியமாச் சொன்னான். நானும் சரிடான்னேன். ஆனா ஒங்கிட்டச் சொல்றேன், நானுந்தான் எம்புட்டோ தடவ அந்தக் காருல பின்னாடி உக்காந்து ஆரப்பாளையம் வந்திருக்கேன். ஏறுவாரு, வெத்தலைய ஒதுக்குவாரு, படக்குன்னு ஒரே திருப்பு. அவராவது பொறுக்கிறதாவது! அப்ப இவளுக்கு எப்பச் சொல்லிக் குடுத்தாரு?

நாலு பேரும் கெளம்புனோம். முன்னாடி மகனும் அவளும், பின்னாடி நானும் நாத்தனாவும். போயிச் சேருற வரைக்கும் எஞ்சின அணைக்கக் கூடாது, அணைச்சா திரும்பக் கெளம்பாதுன்னு மகன் சொல்லிட்டான். அஸ்தி கொண்டு போறப்ப நடுவழியில எங்கயும் எறங்கித் தங்கக் கூடாதுன்னு நாத்தனா சொல்லிருச்சு. அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் ஒத்துப் போனாக. வண்டியூர் தாண்டையில தெப்பக்குளத்துல தண்ணி தளும்பிக்கிட்டுக் கெடக்கு, ஒரு எட்டு எறங்கிப் பாப்போம்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். மானாமதுர தாண்டி ஒரு கடையில டீயக் கூட கண்ணாடிய எறக்கி வாங்கிக் குடிச்சோம், வண்டி உறுமிக்கிட்டே நிக்கிது. பட்டப்பகல்ல கூரை லைட்டு எரியிறதப் பாத்து, "லைட்டு எரியுதுங்க"ன்னான் டீக்கடைக்காரன். "எரியட்டும்"னுச்சு நாத்தனா, ஒரே போடா.

அங்கிட்டுப் பூராம் கருவேலமும் பனையும் பொட்டலுந்தான். அப்ப ஒரு வாடை வந்துச்சு. பழைய வெத்தல வாடை இல்ல மதினி, அது எனக்குத் தெரியும். இப்பத்தான் காம்பக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வாயில போட்டு மெல்லுற வாடை. காரமா, பச்சையா. கருமாதிக்கு வாங்குன வெத்தல எல்லாம் வீட்டுல கெடக்கு. கார்ல ஒரு எலை இல்ல. மகன் கண்ணாடி வழியா என்னையப் பாத்தான். நான் அவனப் பாத்தேன். அவன் ஜன்னலக் கொஞ்சம் எறக்கி விட்டான். என் தங்கச்சி மட்டும் நல்லாச் சாஞ்சு உக்காந்துக்கிட்டா.

பாம்பன் பாலத்துல காத்து காரையே தள்ளுச்சு. ரெண்டு பக்கமும் கடலு. அவ அன்னைக்குத்தான் மொத மொதக் கடலப் பாக்குறா.

கரைக்கிற எடத்துல வண்டிய ஓட விட்டுட்டுப் போகணும்ல, நாத்தனாவ உள்ள உக்கார வச்சுட்டு நாங்க மூணு பேரும் தண்ணிக்குள்ள எறங்குனோம். அய்யரு மந்திரஞ் சொல்லி, விடுங்கங்குறாரு. அவ விட மாட்டேங்குறா. கலயத்த இடுப்புல புள்ளையத் தூக்குற மாதிரி வச்சுக்கிட்டு நிக்கிறா. அலை வந்து வந்து அடிக்கிது. "அம்மா, விடும்மா"ங்குறான் மகன். அவனுக்கு அழுகை முட்டுது. அப்ப அவ குனிஞ்சு, கலயத்துக்கிட்ட, பஸ்ஸுல தூங்கிட்டு வர்றவுகள எழுப்புற மாதிரி, "எந்திரிங்க, ராமேசுவரம் வந்துருச்சு"ன்னா. சொல்லிட்டுக் கைய விட்டுட்டா.

திரும்பி வந்தா, நாத்தனா காருக்கு வெளிய சாயங்கால வெயில்ல வேர்க்க வேர்க்க நிக்கிது. உள்ள ஏசி ஓடுது.

"ஏன் அத்தை வெளிய நிக்கிற?"

"உள்ள எடமில்ல"ன்னுச்சு.

காலியாக் கெடக்கு வண்டி! அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல அந்தம்மா. அந்த வாயி பேசாம இருந்தத நான் அன்னைக்குத்தான் பாத்தேன். என் தங்கச்சி கதவத் தொறந்து, உள்ள கைய விட்டு, கூரை லைட்ட அவளே குளிர வச்சா. கருமாதி முடிஞ்சா வீட்டுக்காரிதான் வெளக்கக் குளிர வைக்கணும். மகன் ஈரத்தோட ஏறி உக்காந்தான். என்ன நெனப்புல இருந்தானோ, கை பழக்கத்துல சாவிய அங்கிட்டுத் திருப்பிட்டான். எஞ்சின் நின்னுருச்சு.

செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. இவ முன் சீட்டுல, கண்ண மூடாம, அதையே பாத்துக்கிட்டு இருக்கா. இப்பக் கெளம்பலன்னா அவரு இன்னும் இங்கதான், எங்கயும் போகலன்னு அர்த்தம். அவ மூஞ்சியப் பாத்தா, கெளம்பக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கிறா. எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு.

மகன் தொட்டான். படக்குன்னு ஒரே திருப்பு. காரு பூ மாதிரி கெளம்பிருச்சு. ஒரு மொனகல் இல்ல, ஒரு கண்ணடிப்பு இல்ல.

"இம்புட்டுத் தூரம் ஓடுனா பேட்டரி ஏறிரும்மா, அதான்"ன்னான் அவன்.

"தெரியும்டா"ன்னா. சொல்லிட்டு, "போயிட்டாக அக்கா"ன்னு பின்னாடி திரும்பி எங்கையப் புடிச்சா பாரு, அம்புட்டு நாளும் அடக்கி வச்ச அழுகை. பாலம் ஏறி எறங்குற வரைக்கும் அழுதா. நாங்க யாரும் தேத்தல. அழுது முடிச்சுட்டு, மூக்கச் சிந்திட்டு, "பசிக்கிதுக்கா"ன்னா. எனக்கு வந்த சந்தோசத்துக்கு, ராமநாதபுரத்துல வண்டிய ஓரங்கட்டச் சொல்லி, நாலு பேரும் எறங்கி உக்காந்து...

இந்தா, விசிலு! குப்பை வண்டி வந்துட்டான் மதினி, வாளி உள்ள கெடக்கு, விட்டா நாளைக்குத்தான் வருவான். ஏப்பா, ஏப்பா, நில்லு, வாரேன்!